நெற்றியில் ஜிகினா வைத்த வண்டி

டீச்சரம்மாவின் புது வண்டி தானே பிரேக் போடும். அதனால் எனக்கு வேலை போக இருந்தது. அதை டீச்சரம்மாதான் எழுதச் சொன்னார். எழுதுகிறேன்.

நான் டிரைவர். அதற்கு முன்னால் தங்கச் சுரங்கத்தில் பெல்மேன். ஷாஃப்ட் என்கிற ஆழக் குழியின் வாயில் நின்று கேஜுக்கு மணி அடிக்கிற வேலை. கேஜ் என்றால் ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றுகிற கூண்டு. ஒரு பெல் அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறார்கள், பார்த்து. கீழே இருந்து மணி வந்தால் நானும் அதையே திருப்பி அடிக்க வேண்டும். காதில் விழுந்தது என்று அர்த்தம். திருப்பி அடிக்காமல் எதுவும் நகராது. சுரங்கம் மூடினது. மணிக் கயிறு பிடித்த கையில் ஸ்டியரிங் வந்தது. என் சரித்திரம் அவ்வளவுதான்.

டீச்சரம்மா ராபர்ட்சன்பேட்டையில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயரானவர். வீடு ஊரிகத்தில். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். ஒரே மகன், கனடாவில். ஞாயிற்றுக்கிழமை சர்ச், நடுநடுவே பெங்களூரில் பல் ஆஸ்பத்திரி, சனிக்கிழமை மார்க்கெட். ஒன்பது வருஷமாக நான்தான் ஓட்டுகிறேன். பின் சீட்டில் உட்கார்ந்து எனக்கு வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பார். பதினேழாம் வாய்ப்பாடு இப்போதும் எனக்கு வராது.

பழைய வண்டி இருமிக்கொண்டே இருந்தது. மகன் பணம் அனுப்பினார். புது வண்டி வந்தது. கிளச் இல்லை, கியர் மாற்ற வேண்டாம். உள்ளே டிவி மாதிரி ஒன்று.

வந்த அன்று அதை என் வீட்டு வழியாகக் கொண்டுபோனேன். என் சம்சாரம் பூசணிக்காய் உடைத்தாள். எலுமிச்சம்பழம் நசுக்கினோம். பிறகு சந்தனக் கிண்ணத்தோடு வண்டியின் முன்னால் நின்று யோசித்தாள்.

"இன்னா பாக்குற?" என்றேன்.

"நெத்தி எங்கன்னு பாக்குறேன்."

முன்பக்கம் நடுவில் கம்பெனிச் சின்னம் பளபளவென்று இருந்தது. அதுதான் நெற்றி என்று முடிவு செய்தாள். சந்தனத்தைக் கெட்டியாக அப்பினாள். மேலே குங்குமம். அதுவும் போதவில்லை. கல்யாண மாலையில் மிச்சமிருந்த ஜிகினாத் தாளை வட்டமாக வெட்டி அதன்மேல் ஒட்டினாள். வண்டி பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை சந்தனம் புதுசு பண்ணச் சொன்னாள். பண்ணினேன்.

டீச்சரம்மா அதைப் பார்த்துவிட்டு, அப்படியே பின் சீட்டில் ஏறிக்கொண்டார். எங்கள் ஊரில் சர்ச்சுக்குப் போகிறவர்களும் ஆயுத பூஜைப் பொரி தின்கிறவர்கள்தான்.

அந்த ஞாயிறு சர்ச் வாசலில் போதகர் வண்டிமேல் கை வைத்து ஜெபம் பண்ணினார். வசனம் எழுதின ஸ்டிக்கர் ஒன்று கொடுத்தார். பெரிசு. டீச்சரம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு முன்கண்ணாடி முழுக்கப் பார்த்தார். எங்கே ஒட்டினால் ரோட்டை மறைக்காது என்று கணக்குப் போட்டார். உள்கண்ணாடிக்குப் பின்னால், மேலே நடுவில், கறுப்பாக ஒரு பெட்டி இருந்தது. அதற்கு நேராக ஒட்டினார்.

"இங்க ஒட்டுனா யாருக்கும் தொந்தரவு இல்ல."

"சரிம்மா."

அன்று சாயங்காலம் பார்க்கிறேன், ஸ்டியரிங்குக்கு முன்னால் ஆரஞ்சு கலரில் ஒரு சின்ன விளக்கு. வண்டி படம். வண்டியின் மூக்குமேல் ஒரு நட்சத்திரம். பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் நட்சத்திரம் தெரியும். எங்கள் ஊரில் டிசம்பர் வந்தால் வீட்டுக்கு வீடு தொங்கும். ஜெபம் பண்ணின வண்டி, அதனால் ஸ்டார் போட்டிருக்கிறது என்று நினைத்தேன். கம்பெனிக்காரன் எல்லாம் யோசித்துத்தான் செய்திருக்கிறான் என்று மெச்சிக்கொண்டேன். டீச்சரம்மாவிடம் சொல்லவில்லை. நல்ல விஷயம்தானே, எதற்குச் சொல்ல.

அடுத்த வாரம் மகன் வீடியோவில் வந்தார். நான் சாவி கொடுக்கப் போயிருந்தேன், கதவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அம்மா, இது தானே பிரேக் போடுற வண்டி. டிரைவர் எதுக்கு? நீயே ஓட்டலாமே."

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். நான் சாவியைப் பார்த்தேன்.

போனை வைத்ததும் கேட்டார். "ஏம்பா, நீ இன்னா சொல்ற?"

"வண்டி நல்லா கீதும்மா."

"நான் எல்.எல்.ஆர். எடுக்கறேன். நீயே ஓட்டக் கத்துக்குடு."

"சரிம்மா."

வீட்டுக்கு வந்து சொன்னேன். சம்சாரம் தட்டை வைத்தபடி நின்றாள்.

"உன் வேலைய புடுங்கிக்கறதுக்கு நீயே கத்துக்குடுக்கப் போறியா?"

"ஆமா."

"இந்த வயசுல உனக்கு வேற எவன் வண்டி குடுப்பான்?"

"தெரியல."

"துன்னு." சோறு போட்டாள். நிறையப் போட்டாள். அவள் பயந்தால் அப்படித்தான் போடுவாள்.

எல்.எல்.ஆர். வந்தது. சிவப்பில் எல் எழுதி முன்னும் பின்னும் ஒட்டினேன். டீச்சரம்மா டிரைவர் சீட்டில். நான் இடது பக்கம். ஒன்பது வருஷத்தில் அந்த சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. கால் வைக்க இடம் இருந்தது, மிதிக்க ஒன்றும் இல்லை.

தினமும் முதலில் வகுப்பு. வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு, வண்டிப் புத்தகத்தைப் பிரித்து, பக்கத்துக்கு ஒரு தடவை என்னைக் கேள்வி கேட்டார்.

"இந்த வண்டிக்குக் கண்ணு ரெண்டு. ஒண்ணு கேமரா. இன்னொண்ணு ரேடார். ரேடார் என்ன பண்ணும்?"

"தெரியாதும்மா."

"அலை அனுப்பும். எதிர்ல இருக்கறது மேல பட்டு அலை திரும்பி வரும். எவ்வளவு நேரத்துல திரும்புதோ, அதை வெச்சு தூரம் கண்டுபிடிக்கும். புரியுதா?"

புரிந்தது. ஷாஃப்ட்டுக்குள் கல்லைப் போட்டுவிட்டு, சத்தம் வருகிற வரைக்கும் எண்ணுவோம். எண்ணிக்கை பெரிசானால் ஆழம் பெரிசு. கல் போட்டது சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் சஸ்பென்ஷன். இந்த வண்டி நாள் முழுக்கக் கல் போட்டுக்கொண்டே போகிறது, யாரும் கேட்பதில்லை. அதைச் சொன்னேன்.

டீச்சரம்மா புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்கினார். "கரெக்ட். உக்காரு," என்றார். நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

மீதியும் சொன்னார். ரேடார் தூரம் பார்க்கும். கேமரா, எதிரில் இருப்பது ஆளா, மாடா, வண்டியா என்று பார்க்கும். இரண்டையும் சேர்த்து, இதே வேகத்தில் போனால் இடிக்க இன்னும் எத்தனை நொடி என்று வண்டி கணக்குப் போடும். நொடி குறைந்தால் முதலில் சத்தம். டிரைவர் அசையவில்லை என்றால் பிரேக்கைக் கொஞ்சம் பிடிக்கும். அப்போதும் அசையவில்லை என்றால் முழுசாகப் பிடிக்கும். டிரைவர் ஆக்சிலேட்டரைப் பலமாக மிதித்தால் மட்டும், தெரிந்துதான் மிதிக்கிறான் என்று விட்டுவிடும்.

"நீயும் அப்படித்தான்," என்றார். "முதல்ல கத்தற. அப்புறம் சீட்டைப் புடிக்கற. அப்புறம் கண்ணை மூடிக்கற."

நான் பெல்ட்டை இழுத்து மாட்டினேன்.

எனக்கு வேறு ஒரு கஷ்டம். அந்த வண்டி எதற்கெடுத்தாலும் மணி அடிக்கும். பெல்ட் போடாவிட்டால் மணி. கதவு சாத்தாவிட்டால் மணி. பின்னால் சுவர் கிட்டே வந்தால் மணி. மணி வந்தால் என் கை சும்மா இருக்காது. நான் ஓட்டின நாட்களில் அது அடித்தால் நான் ஹாரனைத் திருப்பி அடிப்பேன். அது மூன்று, நானும் மூன்று. போதகர் ஒருநாள் சர்ச் வாசலில் பயந்து நகர்ந்து நின்றார். இப்போது இடது பக்கம் ஹாரன் இல்லை. அதனால் டேஷ்போர்டில் விரலால் தட்டினேன்.

"இன்னாத்துக்குத் தட்டற?"

"கேட்டுச்சுன்னு சொல்றேம்மா."

"யாருக்கு?"

"வண்டிக்கு."

டீச்சரம்மாவின் அப்பாவும் சுரங்கத்தில்தான் இருந்தார். அதனால் மேலே கேட்கவில்லை.

பத்து நாளில் நன்றாகவே ஓட்டினார். ஸ்டியரிங் சுத்தம். கண்ணாடி பார்ப்பார். ஒரே குறை, பிரேக் போடமாட்டார். வண்டி போடும் என்று காத்திருப்பார். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் முனையில் ஒரு எருது நடுரோட்டில் நின்றது. டீச்சரம்மா நேராகப் போனார். எருது எங்களைப் பார்த்தது. நான் எருதைப் பார்த்தேன்.

"பிரேக்கு!" என்று கத்தினேன்.

மிதித்தார். எருதின் வால் கண்ணாடியில் பட்டது. டீச்சரம்மாவுக்குக் கோபம். எருது மேல் இல்லை, என்மேல்.

"அது போடறதுக்குள்ள நீ கத்திடற! அதுக்கு ஒரு சான்ஸ் குடுக்கமாட்டியா?"

"எருதும்மா."

"எருதுன்னு அதுக்குத் தெரியும். உனக்கு வேலை போயிடும்னு கத்தற."

அப்படி இல்லை. எருதுக்காகத்தான் கத்தினேன். ஆனால் வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை டெஸ்ட். மைசூர் மைன்ஸ் கிரவுண்டுல. ஒரு பொம்மைய நிறுத்துவோம். நான் நேரா ஓட்டுவேன். நீ வாயத் தொறக்கக் கூடாது. வண்டி தானா நின்னுச்சுன்னா, ஒண்ணாந்தேதியில இருந்து நீ வரவேணாம். நிக்கலன்னா, என் காலம் முடியற வரைக்கும் நீதான் டிரைவர். சம்மதமா?"

"சரிம்மா."

"பொம்மைய நீயே பண்ணிடு."

பண்ணினேன். பழைய பேண்ட்டில் தேங்காய் நார் அடைத்தேன். தலைக்கு உடைந்த பிளாஸ்டிக் குடம். முதுகுக்கு ஒட்டடைக் கம்பு. சட்டை கிடைக்கவில்லை. சம்சாரம் என் சட்டையைக் கொண்டுவந்தாள், நீலக் கட்டம் போட்டது.

"இது நல்லாத்தான கீது," என்றேன்.

"நீதான இடி வாங்கப் போற. உன் சட்டையே போடு," என்றாள்.

ஞாயிறு சர்ச் முடிந்து கிரவுண்டுக்குப் போனோம். சுரங்கக் கழிவைக் கொட்டின சைனைட் மேட்டுக்குக் கீழே, பொதபொதவென்று மண். கம்பை ஊன்றினால் நிற்கும், இடித்தால் சாயும். வண்டிக்கும் அடிபடாது. அங்கே ஏழெட்டுப் பேர் கிரிக்கெட் ஆடினார்கள். எல்லாம் மீசைக்காரர்கள். வாரம் முழுக்க பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிறு மட்டும் ஊரில். பாதிப்பேர் டீச்சரம்மாவிடம் கணக்குப் படித்தவர்கள். ஆட்டத்தை நிறுத்திவிட்டு வரிசையாக வந்து நின்றார்கள்.

டீச்சரம்மா குடத்தில் மார்க்கரால் கண், மூக்கு, வாய் வரைந்தார். "மூஞ்சி இருந்தாத்தான் மனுஷன்னு தெரியும்." மீசையும் வரைந்தார். என் மீசை மாதிரியே இருந்தது.

தூரத்துக்குப் போய்த் திரும்பினோம். பெல்ட் போட்டோம். டீச்சரம்மா கிட்டப் பார்க்கிற கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தூரம் பார்க்கிற கண்ணாடியை மாட்டினார். ஆரஞ்சு நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. நான் மனசுக்குள் அதற்கு ஒரு கும்பிடு போட்டேன்.

"வாயத் தொறக்கக் கூடாது."

தலையாட்டினேன்.

வண்டி கிளம்பியது. பொம்மை பெரிசாகிக்கொண்டே வந்தது. என் சட்டை. என் மீசை. மணி வரும் என்று காதை வைத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். டீச்சரம்மா சிரித்த முகத்தோடு நேராகப் போனார்.

டமார்.

குடம் மேலே பறந்தது. தேங்காய் நார் மழை மாதிரி விழுந்தது. என் சட்டை முன்கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது, இரண்டு கையையும் விரித்தபடி. டீச்சரம்மா அப்புறம்தான் மிதித்தார்.

"கேட்ச்!" என்று ஒருவன் குடத்தைப் பிடித்தான்.

"அவுட்டு டீச்சர், அவுட்டு!"

"எல்பிடபிள்யூ!"

"கால்ல எங்கடா பட்டுச்சு? வயித்துல பட்டுச்சு. அம்பயர கேளு."

டீச்சரம்மா ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். "எட்டாங்கிளாஸ்ல ரெண்டு வருஷம் இருந்தவன்தான நீ? எனக்கு அவுட்டு குடுக்கறியா?" அவன் குடத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

பிறகு என் பக்கம் திரும்பினார். முகம் சின்னதாகிவிட்டது. "சரிப்பா. நான் தோத்துட்டேன். நீயே ஓட்டு."

வேலை கிடைத்துவிட்டது. அவர் காலம் முடிகிற வரைக்கும். நான் இறங்கி, வண்டியின் முன்னால் ஒட்டியிருந்த நாரைப் பிய்த்தேன். நார் முழுக்கச் சந்தனத்தில் ஒட்டியிருந்தது. சந்தனத்துக்கு நடுவில் ஜிகினா மின்னியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ரேடார் எங்கே இருக்கிறது என்று டீச்சரம்மா வகுப்பில் சொல்லவில்லை. புத்தகத்தில் படம் மட்டும் காட்டியிருந்தார். வண்டியின் நெற்றியில் இருந்து வளையம் வளையமாகக் கோடு வரும்.

சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் மணிக் கயிறு அறுந்துபோனால் பெல்மேன் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கேஜில் இருக்கிறவன் செத்தான். நாளைக்கு இந்த வண்டி எதிரில் பொம்மை நிற்காது.

"டீச்சரம்மா, இங்க ஜிகினா கீது."

"இருக்கட்டும், அதுக்கு இன்னா?"

"கல்லு இங்க இருந்துதானம்மா போடுது?"

அவர் இறங்கி வந்தார். பார்த்தார். கிட்டப் பார்க்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். புத்தகத்தைப் புரட்டினார்.

"அட பாவி! தகடு வெச்சா அலை எப்படிப்பா வெளிய போகும்? ஒரு மாசமா கண்ணைக் கட்டி ஓட்டியிருக்கோம்!"

"ஸ்டார் எரிஞ்சுனுதானம்மா இருந்துச்சு."

"எந்த ஸ்டாரு?"

காட்டினேன். படித்தார். உதடு அசைந்தது. முன் கண் மூடியிருக்கிறது, பிரேக் வேலை செய்யாது என்று எழுதியிருக்கிறதாம். நட்சத்திரம் இல்லை, இடிக்கிற அடையாளமாம். நான் ஒரு மாசமாக அதற்குக் கும்பிடு போட்டிருக்கிறேன்.

"என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நல்லதுன்னு நெனச்சேம்மா."

வாயைத் திறந்து இன்னும் திட்டப் போனவர், புத்தகத்தில் அடுத்த படத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். கேமரா படம். உள்கண்ணாடிக்குப் பின்னால், மேலே நடுவில், கறுப்புப் பெட்டி. மெதுவாகத் தலையைத் தூக்கி ஸ்டிக்கரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மீசைக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

"ஒரு கண்ண அவரு மூடிட்டாரு, இன்னொண்ண நீங்களா டீச்சர்?" என்றான் குடம் பிடித்தவன்.

"போய் பந்து போடுங்கடா!"

ஸ்டிக்கரை அவரே நகத்தால் பிய்த்தார். பின் கண்ணாடியில் ஒட்டினார். நான் ஜிகினாவையும் சந்தனத்தையும் ஈரத்துணியால் துடைத்தேன். வண்டியை ஒருமுறை அணைத்துத் திரும்பப் போட்டோம். ஆரஞ்சு விளக்கு போய்விட்டது.

பொம்மையைத் திரும்பக் கட்டினேன். சட்டையில் பம்பர் அழுக்கு. மீண்டும் தூரம் போனோம். எனக்கு வேலை போகப்போகிறது என்று இருவருக்கும் தெரியும்.

வண்டி கிளம்பியது. பொம்மை பெரிசானது. இந்தத் தடவை மணி வந்தது. பீப்பீப்பீப்பீ. எண்ண முடியவில்லை. பெல்ட் ஒரு வெட்டு வெட்டியது. பிறகு யாரோ வண்டியின் வாலைப் பிடித்து இழுத்த மாதிரி நின்றது. புத்தகம் என் மடியில் இருந்து பறந்து கண்ணாடியில் அடித்தது. மண் புகை அடங்கியதும் பார்த்தால், பொம்மை ஒரு முழத்துக்கு முன்னால் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தது.

வெளியே விசில். டீச்சரம்மா இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு, இரண்டு கையையும் தட்டினார். "நின்னுச்சு! பாத்தியா, நின்னுச்சு!"

"நின்னுச்சும்மா," என்றேன். ஒண்ணாந்தேதிக்கு எத்தனை நாள் என்று எண்ணினேன்.

அவர் தட்டிக்கொண்டே இருந்தார். பெடல்மேல் யார் காலும் இல்லை. வண்டி கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்தது. பிறகு, என் வேலை முடிந்தது என்கிற மாதிரி, பிரேக்கை விட்டது. கியர் போட்டபடியே இருந்தது. வண்டி மெதுவாக, மரியாதையாக நகர்ந்தது. பொம்மையின் வயிற்றைத் தொட்டது. பொம்மை கம்போடு திரும்பி, குப்புறச் சாய்ந்தது. அதன்மேல் ஏறத் தொடங்கினோம்.

வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். திறக்கவில்லை. கை தானாகப் போய் டேஷ்போர்டில் ஓங்கி அடித்தது. ஒரே ஒரு தட்டு.

டீச்சரம்மா பட்டென்று பிரேக்கை மிதித்தார். யோசிக்கவே இல்லை. ஒரு பெல் என்றால் நிறுத்து. எங்கள் ஊரில் அது சுரங்கத்தில் இறங்காதவர்களுக்கும் தெரியும்.

கீழே இருந்து குடம் நசுங்குகிற சத்தம் வந்தது.

"ரன் அவுட்டு, டீச்சர்!" என்று வெளியே ஒருவன் கத்தினான். இந்தத் தடவை அவர் திட்டவில்லை.

புத்தகத்தை எடுத்து, கிட்டப் பார்க்கிற கண்ணாடியை மாட்டி, சின்ன எழுத்தைப் படித்தார். நின்ற பிறகு ஓட்டுகிறவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும் என்று போட்டிருந்ததாம். அந்த வரியை நடத்தாமல் விட்டுவிட்டார். பாடத்தில் ஒரு வரி விட்டதற்கு அவர் அவ்வளவு வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

"நிறுத்துறது அது," என்றார். "புடிச்சு வெக்கறது யாரு?"

"ஆள் வேணும்மா."

"உம்." புத்தகத்தை மூடினார். "நான்தான் ஓட்டுவேன்."

"சரிம்மா."

"நீ இங்கயே உக்காரு. தட்டு."

"சரிம்மா."

"கத்தக் கூடாது. தட்டணும்."

அப்படித்தான் இன்றைக்கும் நடக்கிறது. அவருக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. அவர் ஓட்டுகிறார். நான் இடது பக்கம் உட்காருகிறேன். சம்பளம் அதேதான். வண்டி அடித்தால் நான் ஒன்று தட்டுகிறேன், அவர் மிதிக்கிறார். சில நாள் வண்டிக்கு முன்னாலேயே நான் தட்டிவிடுகிறேன். மார்க்கெட் முனை எருதுக்கு எப்போதும் நான்தான் முந்துகிறேன். மகனுக்கு வீடியோவில் சொன்னபோது அவருக்குப் புரியவில்லை. அவர் சின்ன வயசிலேயே வெளியூர் போய்விட்டார்.

சம்சாரம் கேட்டாள், "ஓட்டாத டிரைவருக்கு எவளாவது சம்பளம் குடுப்பாளா?"

"பெல்மேனும் கேஜ ஓட்டுனதில்ல," என்றேன். அன்று சோறு அளவாகப் போட்டாள்.

சந்தனம் இப்போது நம்பர் பிளேட்டுக்குக் கீழே. ஜிகினா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீலக் கட்டம் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொள்கிறேன். முதுகில் டயர் கோடு இருக்கிறது, எத்தனை சோப்புப் போட்டாலும் போகவில்லை. சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது.